சல்பூரஸ் அமிலத்தின் இயல்பும் பயனும்



தீபாவளி இரவில் தெருவெங்கும் மத்தாப்பும் சரவெடியும் கொளுத்தி ஓய்ந்த பின்பு, மூக்கைத் துளைத்துத் தொண்டையைக் கமறச் செய்து, இழுப்பு நோய் உள்ளவர்களைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே ஒடுங்க வைக்கின்ற அந்தக் காரமான நெடியை அறியாதவர் இந்த அவையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மஞ்சள் நிறக் கந்தகம் எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி உண்டாகின்ற கந்தக டையாக்ஸைடு என்னும் வாயுதான் அந்த நெடிக்குக் காரணம். அந்த வாயு நீரில் கரையும்போது உண்டாவதாகச் சொல்லப்படுகின்ற சல்பூரஸ் அமிலமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உலகப் புகழ் பெற்ற சல்பூரிக் அமிலத்தின் இளைய சகோதரன் என்று இதைச் சொல்லலாம். மூத்ததன் பிரதாபம் பெரிதாக இருப்பதாலேயோ என்னவோ, இளையதன் காரியங்களைப் பொதுமேடையில் யாரும் அதிகமாக எடுத்துச் சொல்வதில்லை.

இந்த வாயுவோடு மனிதனுக்குள்ள பரிச்சயம், ரசாயன சாஸ்திரம் என்று ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முற்பட்டது. கிரேக்க மகாகவியாகிய ஹோமரின் ஒடிஸி காவியத்தில், தன் மனைவியை மணக்க விரும்பி அரண்மனையில் வந்து தங்கியவர்களைக் கொன்று தீர்த்த நாயகன், கந்தகமும் நெருப்பும் கொண்டுவரச் செய்து, ரத்தம் படிந்த மண்டபத்தைப் புகையிட்டுச் சுத்தி செய்கிறான். ரோமாபுரியின் பேரறிஞராகிய பிளினி, கம்பளியைக் கந்தகப் புகையால் பக்குவம் செய்யும் வழக்கத்தை எழுதிவைத்துவிட்டு, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது, அதே கந்தக நெடி வீசிய கடற்கரையில் உயிர் துறந்தார். அந்த எரிமலை மூடிப் புதைத்த பாம்பேய் நகரத்துச் சலவைப் பட்டறை ஒன்றின் தூணிலே, துணியை விரித்துப் போடுவதற்கான கூண்டையும், அதனடியில் கந்தகம் எரிப்பதற்கான சட்டியையும் ஒருவன் தூக்கி வருகின்ற சித்திரம் தீட்டப்பட்டிருந்தது. மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டுகள் கிடந்தும் அது அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்தப் புகையைத் தனி வாயுவாகப் பிடித்து ஆராய்வதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774ஆம் ஆண்டு வாக்கில் சல்பூரிக் அமிலத்தைப் பாதரசத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெளிப்பட்ட வாயுவை நீரின்மேல் பிடித்தால் நீரே அதைக் குடித்துவிடும் என்பதை உணர்ந்து, பாதரசத்தின்மேல் பிடித்தார். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 40 லிட்டர் வாயுவையும், பனிக்கட்டியின் குளிர்ச்சிக்கு வந்த நீர் அதைப்போல் இரு மடங்கையும் தன்னுள் ஏற்கும் என்பதைப் பார்த்தால், பிரீஸ்ட்லியின் முன்ஜாக்கிரதை எவ்வளவு அவசியமானது என்பது விளங்கும்.

இங்கேதான் ஒரு விசித்திரம் தொடங்குகிறது. ஹைட்ரஜன் அணு இரண்டு, கந்தக அணு ஒன்று, பிராணவாயு அணு மூன்று என்று பாடபுத்தகங்கள் சூத்திரம் எழுதிக் காட்டுகின்ற இந்த அமிலத்தை, நீரிலிருந்து தனிப்பொருளாகப் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்தவர் எவரும் இல்லை. கரைசலைச் சூடாக்கினால் வாயு பறந்துபோய் வெறும் நீர் மிஞ்சுகிறது. நன்றாகக் குளிர்வித்தாலோ, அமிலத்தின் படிகங்களுக்குப் பதிலாக, நீர் மூலக்கூறுகள் வாயு மூலக்கூறுகளைச் சூழ்ந்து சிறைப்படுத்திய படிகங்களே தோன்றுகின்றன. ஒளியைக் கரைசலில் செலுத்தி ஆராய்ந்தவர்களும், நீரோடு தளர்வாக இணைந்து நிற்கும் கந்தக டையாக்ஸைடையும், அதிலிருந்து பிறந்த பைசல்பைட் அயனிகளையும் கண்டார்களே அன்றி, சூத்திரம் கூறும் மூலக்கூற்றைக் கண்டார்களில்லை. நம் தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அனுமானம் என்று அறிவின் வழிகளை வகுத்து, புகையைக் கண்டு நெருப்பை உணர்வதை அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டினார்கள். சல்பூரஸ் அமிலத்தின் விஷயத்தில், அதன் உப்புக்கள் பிரத்தியட்சமாக மூட்டை மூட்டையாகச் சந்தையில் விற்கின்றன. அதன் காரியங்கள் ஆலைதோறும் நடக்கின்றன. அமிலம் மட்டும் அனுமானத்திலேயே நிற்கிறது.

அந்தக் கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். காரங்களோடு கூடி உப்பைத் தரும். அதன் இரண்டு ஹைட்ரஜன்களில் முதலாவது எளிதில் பிரியும். இரண்டாவது தயங்கித் தயங்கியே பிரியும். ஆதலால் பைசல்பைட், சல்பைட் என்று இரு வரிசை உப்புக்கள் உண்டாகின்றன. இவ்வளவோடு நின்றிருந்தால் எத்தனையோ சாதாரண அமிலங்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். இதன் விசேஷம் கந்தகத்தின் நிலையில் இருக்கிறது. கந்தகம் பிராணவாயுவே இல்லாத ஏழ்மை நிலையில் ஹைட்ரஜன் சல்பைடாகவும், பிராணவாயு நிறைந்த செல்வ நிலையில் சல்பூரிக் அமிலமாகவும் இருக்கக்கூடியது. சல்பூரஸ் அமிலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட படியில் நிற்கிறது. பெரிய மண்டிக்காரரிடம் கொள்முதல் செய்து சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடும் நடுத்தர வியாபாரியைப் போல, தன்னிலும் பிராணவாயு மிக்க பொருள்களிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ளவும், இல்லாதவற்றுக்குக் கொடுக்கவும் இது வல்லது. பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் இதனால் ஒரு நொடியில் மறைகிறது. டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் பச்சையாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடோ, இதைச் சந்தித்ததும் தன் ஹைட்ரஜனை இழந்து, மஞ்சள் கந்தகமாகப் படிந்துவிடுகிறது. ஆயினும் கொடுப்பதைவிட வாங்குவதே இதற்குப் பெரிதும் விருப்பம். சும்மா திறந்துவைத்த கரைசல்கூடக் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கி, நாளடைவில் சல்பூரிக் அமிலமாகிவிடும்.

இந்தச் சுபாவத்தை உங்கள் கண்முன்பே காட்டுவதற்காக, ஸ்விஸ் நாட்டு ரசாயன அறிஞர் ஹன்ஸ் லாண்டோல்ட் 1886இல் வெளியிட்ட ஒரு சோதனையை இந்த மேசையின்மேல் அமைத்திருக்கிறேன். ஒரு பாத்திரத்தில் பொட்டாசியம் அயோடேட்டின் கரைசல் இருக்கிறது. மற்றதில் சிறிது அமிலம் சேர்த்த சல்பைட்டும் மாவுக்கஞ்சியும் இருக்கின்றன. இரண்டும் தெளிந்த நீரைப் போலவே தோன்றுகின்றன. இப்போது ஒன்றை மற்றொன்றில் ஊற்றிவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. மாவுக்கஞ்சியை நீலமாக்க வேண்டிய அயோடின் உள்ளே பிறந்துகொண்டுதான் இருக்கிறது. பிறக்கப் பிறக்க, அதைச் சல்பைட் உடனுக்குடன் நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடுகிறது. இதோ, பாருங்கள்! ஒரே கணத்தில் பாத்திரம் முழுவதும் கருநீலமாகிவிட்டது. சல்பைட்டின் கடைசித் துளி செலவாகித் தீர்ந்த கணம் அது. கரைசல்களின் அளவைக் கூட்டியும் குறைத்தும் இந்தக் கணத்தை முன்கூட்டியே நிர்ணயித்துவிடலாம்; ஆகையால்தான் இதை ரசாயனக் கடிகாரம் என்று மாணவர்கள் அழைக்கிறார்கள்.

நண்பர்களே, இந்த அமிலத்தைப்பற்றி நான் சொல்ல விரும்புவது அனைத்தும் அந்தப் பாத்திரத்துக்குள் அடங்கியிருக்கிறது. தான் மாறுவதனால் மற்றதை மாறாமல் காப்பது இதன் இயல்பு. அப்படிக் காப்பதற்கு அளவு உண்டு, காலம் உண்டு. அளவு தீர்ந்தால், அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த மாற்றம் தாமதமின்றி வந்து சேரும். இனி நான் கூறப்போகும் பிரயோகங்களெல்லாம் இந்த ஒரே இயல்பின் பல உருவங்கள் என்பதை நீங்களே காண்பீர்கள்.

முதலாவதாக வெளுக்கும் தொழிலை எடுத்துக்கொள்வோம். பருத்தியை வெளுக்கக் குளோரின் போதும். ஆனால் பட்டும் கம்பளியும் குளோரின் பட்டால் இழை நைந்து கெட்டுவிடும். ஈரமான பட்டைக் கந்தகப் புகையில் வைத்தாலோ, இழைக்குச் சேதமின்றி மஞ்சள் நிறம் மட்டும் நீங்குகிறது. குளோரின் நிறப்பொருளைச் சிதைத்து அழிக்கிறது; சல்பூரஸ் அமிலமோ பெரும்பாலும் அதனோடு தற்காலிகமாகக் கூடி, நிறமற்ற வேறொரு பொருளாக மறைத்து வைக்கிறது. ஆதலால் கந்தகப் புகையில் வெளுத்த ரோஜாப்பூவை நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் நனைத்தால் பழைய சிவப்பு தலைகாட்டும். இப்படி வெளுத்த கம்பளியும் சில காலத்துக்குப் பிறகு மஞ்சளாகிவிடும். குளோரினால் வெளுத்த பருத்தித் துணியில் தங்கிவிட்ட குளோரின் மேலும் இழையை அரிக்காதபடி அதை நீக்குவதற்கும் சல்பைட்டே உதவுகிறது.

காகிதத் தொழிலில் இது செய்த புரட்சி இன்னும் பெரிது. கந்தல் துணியே காகிதத்துக்கு மூலப்பொருளாக இருந்த காலத்தில், படிப்பறிவு பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. மரத்தில் காகிதத்துக்குரிய செல்லுலோஸ் நார் ஏராளமாக இருந்தாலும், அந்த நாரை லிக்னின் என்னும் பொருள் இறுகப் பிணைத்திருக்கிறது. அமெரிக்கராகிய பெஞ்சமின் டில்மன், கால்சியம் பைசல்பைட் கலந்த சல்பூரஸ் அமிலத்தில் மரச்சில்லுகளை மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடு வேகவைத்தால் லிக்னின் கரைந்து நார் தனித்து நிற்கும் என்று கண்டு, 1867இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பாத்திரத்தையே அமிலம் அரித்து ஒழுகச் செய்ததால் அவர் தம் முயற்சியைத் தொழிலாக நிலைநாட்ட முடியவில்லை. ஸ்வீடன் நாட்டின் பெர்க்விக்கில் கார்ல் டேனியல் எக்மன் 1874இல் இம்முறையில் முதல் ஆலையை நடத்திக் காட்டினார். ஜெர்மனியில் அலெக்ஸாண்டர் மிட்சர்லிஷ் அதைப் பெருந்தொழிலாக்கினார். பல்லாண்டுகள் உலகத்தின் வெள்ளைக் காகிதத்தில் பெரும்பகுதி இந்த அமிலத்தில் வெந்த மரத்திலிருந்து வந்தது. எந்த மரத்தையும் ஏற்று வலிவான காகிதம் தருவதோடு, செலவான ரசாயனங்களை மீட்டுத் தரவும் வல்ல கிராஃப்ட் முறை வந்த பிறகே இந்தச் சல்பைட் முறை பின்வாங்கியது. கரைந்து போன லிக்னின் ஆற்று நீரைக் கெடுத்தது. ஆயினும் அதே கழிவு நீரிலிருந்து ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலினையும் எடுத்தார்கள் என்பது ரசாயன நிபுணரின் சாமர்த்தியத்துக்கு ஒரு சான்று.

நம் நாட்டில் இந்த அமிலத்தைத் தினந்தோறும் பெருமளவில் உபயோகிக்கின்ற இடம் சர்க்கரை ஆலை. நெல்லிக்குப்பம் முதலிய ஊர்களில் கரும்பு அரைவைக் காலத்தில் ஆலைப்பக்கம் சென்றவர்கள், கந்தக அடுப்பைக் கண்டிருக்கக்கூடும். பிழிந்த சாறு கருமையும் கலங்கலும் இயற்கைப் புளிப்பும் உடையது. புளிப்பிலே காய்ச்சினால் சர்க்கரை பிளந்து படிகமாகாத வெல்லப்பாகாகிவிடும். காரத்திலே காய்ச்சினால் கருத்துக் கெட்டுவிடும். ஆகவே சுண்ணாம்புப் பாலை ஊற்றிக்கொண்டே கந்தகப் புகையையும் செலுத்தி, இரண்டுக்கும் நடுநிலையில் சாற்றை நிறுத்துகிறார்கள். அப்போது உண்டாகின்ற கால்சியம் சல்பைட், பிசினையும் கலங்கலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிகிறது. தெளிந்த சாறு சுண்டிப் பாகானதும், மிஞ்சிய நிறத்தைப் போக்க மீண்டும் ஒருமுறை புகை செலுத்துவதால் இதற்கு இரட்டை சல்பிடேஷன் என்று பெயர். இப்படிச் செய்த சர்க்கரை, கிடங்கில் நெடுநாள் கிடந்தால் சற்று மஞ்சளாவது, முன்பு ரோஜாப்பூவில் நாம் கண்ட நியாயத்தைப் பெரிதும் ஒத்தது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் ஹைட்ராஸ் என்று வழங்குகின்ற வெள்ளைத் தூள், சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் நெருங்கிய உறவுப் பொருள். வெண்டைத் தண்டின் கொழகொழப்பைச் சேர்த்து அழுக்கை நுரையோடு வழித்தெடுத்த பழைய முறையில் வெல்லம் பழுப்பாகவே இருக்கும். தூளைத் தூவினால் பொன்னிறமாகிவிடுகிறது. பொன்னிற வெல்லத்துக்குத்தான் சந்தையில் விலை என்றால், விவசாயியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வாங்குகிறவர்களாகிய நம் கண்ணின் ஆசையும் அந்தத் தூளுக்கு ஒரு காரணம்.

உணவைப் பாதுகாக்கும் தொழிலில் இதன் சிறப்பு இரட்டையானது. பழத்தை நறுக்கியவுடன் பழுப்பாக்குகின்ற என்ஸைமையும், புளிக்கச் செய்கின்ற காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் இது ஒருங்கே அடக்குகிறது. கிருமியின் உடலுக்குள் புகக்கூடியது அயனியாகப் பிரியாத கந்தக டையாக்ஸைடு மட்டுமே; அதுவோ புளிப்பான சாற்றிலேயே கணிசமாக இருக்கும். திராட்சைச் சாற்றின் புளிப்பான பி.எச். 3 என்ற அளவில் நூற்றுக்கு ஆறு பங்காக இருப்பது, பி.எச். 4க்குச் சென்றால் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. ஆகையால்தான் எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஏற்றதாகிறது. 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் உத்தரவு ஸ்குவாஷுக்கு அனுமதித்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 350 பங்கு. ஒரு கிலோவுக்கு அந்த உப்பு ஏறத்தாழ 0.6 கிராம் போட்டால் அந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் நாவல், மாதுளை, கறுப்புத் திராட்சை ஆகியவற்றின் ரசத்துக்கு அதைப் போட்டால் கிருமியோடு நிறமும் போய்விடுமாதலால், அவற்றுக்குச் சோடியம் பென்ஸோயேட்டைப் போடுகிறார்கள். வீட்டில் ஸ்குவாஷ் தயாரிக்கும் தாய்மார்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

ஈஸ்டின் போக்கையே மாற்றிய ஒரு பிரயோகமும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் கடல்வழி அடைபட்டுக் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெடிமருந்துக்கு வேண்டிய கிளிஸரினை ஜெர்மானியர் சர்க்கரையிலிருந்து எடுத்தார்கள். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் இடையில் தோன்றுகிறது. சல்பைட்டைச் சேர்த்தால் அது அந்த இடைப்பொருளைப் பற்றிக்கொள்ளவே, வழி மறிக்கப்பட்ட ஈஸ்ட் வேறு வழியின்றிக் கிளிஸரினைத் தருகிறது. இதன் தத்துவத்தை விளக்கியவர் கார்ல் நாய்பெர்க். ஆல்டிஹைடுகளைப் பற்றும் இதே ஆற்றலோடு தொடர்புடையது, ஹியூகோ ஷிஃப் 1866இல் கண்ட பரிசோதனைக் கரைசல். சல்பூரஸ் அமிலத்தால் நிறமிழந்த மெஜந்தாச் சாயம், ஆல்டிஹைடைச் சந்தித்தால் மீண்டும் ஊதாச் சிவப்பாகும். 1924இல் ராபர்ட் ஃபாய்ல்கன் அதைக்கொண்டு உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ.வுக்கு நிறமூட்டிக் காட்டினார். டி.என்.ஏ.வின் சைட்டோஸினை பைசல்பைட் யுராஸிலாக மாற்றும், மெதில் தொகுதி ஏறிய சைட்டோஸினை எளிதில் மாற்றாது என்பதை வைத்து, எந்த இடத்தில் அந்த மெதில் முத்திரை விழுந்திருக்கிறது என்று 1992 முதல் படித்தறிகிறார்கள். வண்ணார் பட்டறையில் தொடங்கிய பொருள் வம்சாவளியின் ஏட்டைப் படிக்கும் கருவியாகிவிட்டது.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணவின் நிறத்தையும் வைட்டமின் சியையும் காக்கின்ற இந்தப் பொருள், தயமின் என்னும் வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். பழைய இறைச்சிக்குப் புதிய சிவப்பைத் தந்து வாங்குவோரை ஏமாற்றும் என்பதால், அமெரிக்காவில் இறைச்சிக்கு இதைச் சேர்ப்பது தடுக்கப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சிறிய அளவே மூச்சை முட்டச் செய்யும். அத்தகைய மரணங்கள் நேர்ந்ததன் விளைவாக, பச்சையாக உண்ணும் காய்கறிகளிலும் பழங்களிலும் சல்பைட் தெளிப்பதை 1986இல் அந்நாட்டு அரசாங்கம் விலக்கியது. பொட்டலத்தின்மேல் 220 முதல் 228 வரையுள்ள எண்களைக் கண்டால் அந்த வாயுவோ இக்குடும்பத்தின் உப்போ உள்ளே இருக்கிறது என்று இழுப்பு நோயாளிகள் அறிந்துகொள்ளலாம்.

புட்டிக்குள் கணக்காக இருக்க வேண்டியது வானத்தில் கணக்கின்றிப் பரவினால் நேர்வதை, 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரம் அனுபவித்தது. அசையாத மூடுபனியின் துளிகளில், நிலக்கரிப் புகையிலிருந்த கந்தக வாயு கரைந்து, பிராணவாயுவை ஏற்றுச் சல்பூரிக் அமிலமாயிற்று. உடனடியாகவே நாலாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் அத்தொகையைப் பன்னிரண்டாயிரம் வரை உயர்த்தினர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அமில மழையை ராபர்ட் அங்கஸ் ஸ்மித் 1872ஆம் ஆண்டின் நூலிலேயே எழுதியிருந்தும், உலகம் செவிசாய்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சலவைக்கல்லின்மேல் இந்தச் சல்பூரிக் அமிலம் படிந்தால் கல்லின் மேற்பரப்பு ஜிப்ஸமாகிப் பொரிந்து உதிரும். தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியிலுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் பெயர வேண்டும் என்று 1996 டிசம்பர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு இந்த ரசாயனமே அடிப்படை.

இத்தனையும் கேட்டபின் இந்தப் பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமான விஷம் என்று எண்ணிவிடாதீர்கள். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள கந்தகம் கலந்த புரதக் கூறுகளை நம் உடல் செரிக்கும்போது, ஒவ்வொரு நாளும் நம்முள்ளேயே சல்பைட் உண்டாகிறது. அதை மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தாங்கிய ஓர் என்ஸைம் உடனுக்குடன் தீங்கற்ற சல்பேட்டாக மாற்றிவிடுகிறது. அந்த என்ஸைம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் மூளை பெருஞ்சேதத்துக்குள்ளாகிறது. இயற்கை இந்தப் பொருளை விலக்கி வைக்கவில்லை. உண்டாகும் அளவுக்குச் செலவு வைத்திருக்கிறது.

மனிதனும் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வரவு செலவுக் கணக்கைத்தான். கொதிகலனைத் துருவிலிருந்து காக்கின்ற பொறியாளர், நீரில் கரைந்துள்ள பிராணவாயு ஒரு பங்குக்குச் சோடியம் சல்பைட் எட்டுப் பங்கு என்று எண்ணிப் போடுகிறார். அது தீர்ந்துவிட்டதா என்று அடிக்கடி சோதித்தும் பார்க்கிறார். அதே கணக்கு ஸ்குவாஷ் புட்டிக்கும் வெல்லக் கொப்பரைக்கும் ஆலையின் புகைபோக்கிக்கும் பொருந்தும். இந்த அமிலம் எங்காவது ஓரிடத்தில் தன்னைச் செலவிட்டே தீரும். அது பழச்சாற்றிலும் பட்டிலும் செலவானால் பாதுகாப்பு, நுரையீரலிலும் சலவைக்கல்லிலும் செலவானால் நாசம். எங்கே செலவாகிறது, எவ்வளவு செலவாகிறது என்று கேட்கும் உரிமை அதை உபயோகிக்கும் தொழிலதிபருக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சர்க்கரையை உண்டு அந்தக் காற்றைச் சுவாசிக்கின்ற ஒவ்வொருவருக்கும் உரியது. இந்த அவையிலுள்ள மாணவர்கள் ரசாயனத்தைப் பரீட்சைக்காக மட்டுமின்றி அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்பதற்காகவும் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.